மாநிலத் திட்டக்குழுவுக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திட்டக்குழுவினருக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (மலைக் கிராமம்) ஒன்றில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் நான். வயது 63. ஊர்க்கூட்டத்தில் இன்னும் என்னைத்தான் 'சின்னப் பையன், ஓடிப் போய் எடுத்து வா' என்கிறார்கள்.

2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. மாநிலம் 15 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த அதே பத்தாண்டில் குறைந்தது எங்கள் மாவட்டம் மட்டும்தான். சோவியத் யூனியன் உடைந்து எங்கள் தேயிலைக்கு இருந்த பெரிய சந்தை போனது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தது. கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்கு இறங்கிய பிள்ளைகள் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள்.

கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும், முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை கிடையாது. என் மனைவிக்கு மூட்டுவலி, சரிவில் கால் வைக்க முடியாது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்தான் பறித்துத் தருகிறார்கள். கூலி போக மிஞ்சுவது உரத்துக்கே காணாது. போன வருஷம் பாதித் தோட்டத்தைக் கவாத்து செய்யாமலே, அதாவது செடியை வெட்டிவிடாமலே, விட்டுவிட்டேன். இப்படி நாலு தோட்டம் விட்டால் இலை எடுக்கிற வண்டியும் எங்கள் பக்கம் திரும்பாது.

அப்புறம் தலைக்கணக்கு. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை இணைக்கிறார்கள், பயணிகள் குறைந்தால் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க டவுனுக்குப் போக வேண்டிய கிழவிக்கு, வீட்டில் பைக் ஓட்டப் பையன் இல்லாததால்தான் பஸ் வேண்டியிருக்கிறது.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று நிதிப் பகிர்விலும் தொகுதி மறுவரையறையிலும் தமிழ்நாடு டெல்லியைக் கேட்கிறது. நியாயம்தான். சரி, அதையே நாங்கள் சென்னையைக் கேட்கக் கூடாதா?

மலைக்குத் தனிக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்று விதியே இருக்கிறது. ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தவர்கள் வயதையும் எடுக்கலாமே. அறுபதைத் தாண்டியவரை ஒன்றரை ஆளாக எண்ணுங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஜார்க்கண்ட் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் காய்ச்சல் வந்தால் இங்கேதான் படுக்கிறார்கள்.

2027 கணக்கெடுப்பு முடிந்து விவரம் வந்ததும், தலை எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஹட்டிகளில் ஆளில்லாத வீடு எத்தனை என்று பாருங்கள். என் தெருவில் மட்டும் ஏழு.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து சிறு தேயிலை விவசாயி