எய்லீனுக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்: தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. இரண்டே வரிதான் என்றாலும் நன்றி. உங்கள் அயர்லாந்துக் கவிதைத் தொகுப்பில் ஆர்ட் ஓ லீரி ஒப்பாரியைப் பாதியாக வெட்டி, 'நாட்டார் பாடல்கள்' என்ற பின்னிணைப்பில் தள்ளி, 'பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று அச்சிட்டதற்குக் காரணம் இடப்பற்றாக்குறை என்கிறீர்கள். இடம் இல்லாவிட்டால் பாட்டு சுருங்கலாம். பாடியவரின் பெயர் எப்படித் தொலையும்?

அவர் பெயர் எய்லீன் துவ் நி கோனல். ஆர்ட்டின் மனைவி; கொல்லப்பட்ட கணவருக்காக அவர் பாடியதுதான் இந்த ஒப்பாரி. உங்கள் முன்னுரை ஒரு பத்தி முழுக்கப் புகழும், கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானலுக்கு அத்தை முறை. அண்ணன் மகனுக்கு ஒரு பத்தி, அத்தைக்குப் பெயர்கூட இல்லை.

1773 மே மாதம் அயர்லாந்தின் கார்க் பகுதியில் நடந்ததை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் இருந்த காலம். ஏப்ரஹாம் மாரிஸ் என்ற அதிகாரி 5 பவுண்டை நீட்டிக் குதிரையைக் கேட்க, ஆர்ட் மறுத்தார் என்பார்கள். அந்தப் பகையில் சுட்டுக் கொன்றார்கள். ரத்தக்கறையோடு குதிரை மட்டும் வீடு திரும்பியது. எய்லீன் அதில் தாவி ஏறிப் போய், வழிந்த ரத்தத்தை உள்ளங்கையில் ஏந்திக் குடித்ததாகப் பாட்டு சொல்கிறது. அதை நீங்கள் வெட்டவில்லை. பரபரப்பாக இருக்கிறதல்லவா?

வெட்டியது நாத்தனார் பகுதியை. பிணத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வீட்டுக்கு ஆர்ட்டின் தங்கை வருகிறார். அண்ணி படுக்கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாட்டிலேயே குத்துகிறார். சீதனத்தோடு வரக் காத்திருந்த எத்தனையோ பெண்கள் இப்படித் தூங்கியிருக்க மாட்டார்களாம். எய்லீனும் பாட்டிலேயே பதில் சொல்கிறார்: தூங்கப் போகவில்லை, அழுத பிள்ளைகளை அமர்த்தப் போனேன். கணவனின் பிணம் கூடத்தில் கிடக்க, பிள்ளைகளிடம் போனதற்கு ஊர் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை. இழவு வீட்டில் ஒருமுறையாவது உட்கார்ந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. இந்தப் பகுதியைத்தான் 'மையக் கருத்துக்குத் தொடர்பில்லாதது' என்று நீக்கியிருக்கிறீர்கள்.

வாய்வழி வந்த பாட்டு, பல பேர் கைபட்டது என்று நீங்கள் வாதிடலாம். உண்மைதான். நோரி சிங்கிள்டன் என்ற, ஒப்பாரி பாடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்மணி நினைவில் வைத்துப் பாடியதைக் கேட்டுத்தான் எழுதிவைத்தார்கள். ஆனால் அப்படிப் பார்த்தாலும் கிடைப்பது இரண்டு பெயர்கள். நீங்கள் ஒன்றைக்கூடப் போடவில்லை. அயர்லாந்தில் இதை அச்சிடுபவர்கள் எய்லீன் பெயரில்தான் அச்சிடுகிறார்கள்.

சொல்லிக்கொண்டே போனால் நிறைய வரும். பின்னட்டையில் அயர்லாந்துக் கவிஞர் சீமஸ் ஹீனி 'பிரிட்டனின் பெருங்கவி'யாம்! 1982இல் பெங்குயின் தொகுப்பு அவரைப் பிரிட்டிஷ் கவிஞர்களோடு சேர்த்தபோது, என் பாஸ்போர்ட் பச்சை நிறம் (அதாவது அயர்லாந்துடையது) என்று அவரும் திறந்த மடல்தான் எழுதினார், செய்யுளில். எனக்குச் செய்யுள் வராது, தப்பித்தீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்களை விட்டுவிட்டுத் தொகுப்பது நீங்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. 1991இல் 'ஃபீல்ட் டே' என்ற அயர்லாந்து இலக்கிய அமைப்பு அந்நாட்டு எழுத்துகளை மூன்று பெரும் தொகுதிகளாகக் கொண்டுவந்தபோது, பெண்களுக்கு மிகக் குறைந்த இடமே தந்தார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2002இல் பெண்களுக்கென்றே மேலும் இரண்டு தொகுதிகள் வந்தன. உங்களிடம் நான் இரண்டு தொகுதி கேட்கவில்லை. சில பக்கங்கள்தான் கேட்கிறேன்.

அடுத்த பதிப்பில் பாட்டைப் பின்னிணைப்பிலிருந்து கவிதைப் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். மேலே எய்லீன் துவ் நி கோனல் என்று பெயர் போடுங்கள். பக்கம் போதாது என்றால் முன்னுரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அது 40 பக்கம் இருக்கிறது. மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள், வருகிறேன். சம்பளம் வேண்டாம். நாத்தனாரை மட்டும் மறுபடி வெட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்