ஒரு பிடி கேட்டோம், ஒரு படி தந்தீர்கள்

அன்பான விருதுநகர் மக்களுக்கு வணக்கம்.

ஜூலை 15 அன்று பள்ளிகளிலேயே கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடிவிடுவார்கள். அதனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து 62 பிள்ளைகளைக் கூட்டிவந்து, சுலோச்சன நாடார் தெருவில் காமராசர் பிறந்த வீட்டைக் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நாலு பேரின் ஆசை இது.

சாப்பாட்டுக்கு நன்கொடை ரசீது அடிக்க வேண்டாம், வீடு வீடாகப் பிடி அரிசி கேட்போம் என்று முடிவு செய்தோம். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி. உலை வைக்கும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டுவைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியை விற்ற பணத்தில்தான் பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தார்கள். காமராசரின் அப்பா குமாரசாமி நாடார் இறந்தபோது மகன் சின்னப் பையன். தாயார் சிவகாமி அம்மாளால் பள்ளிச் சம்பளம் கட்டியிருக்க முடியுமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

நாலு தெருக்களில் 180 வீடுகள். ஒரு பிடி கேட்டோம், பலர் ஒரு படி அளந்து போட்டீர்கள். மொத்தம் 34 கிலோ. ஒரு அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "ரேஷன் அரிசிதான், பரவாயில்லையா?" என்று தயங்கி நின்றார். அம்மா, சாக்கில் முதலில் விழுந்தது உங்கள் அரிசிதான். அதைச் சொல்லவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

வந்த அரிசி பல ரகம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது என்று சமையல் அண்ணாச்சி தலையில் கைவைத்துவிட்டார். அப்புறம் அவரே வழியும் சொன்னார்: பச்சரிசி சர்க்கரைப் பொங்கலுக்கு, புழுங்கல் சாம்பார் சாதத்துக்கு, இட்லி அரிசி மாவுக்கு. முதல் நாள் சாயங்காலம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் புடைத்துக் கொடுத்த அக்காமாரே, உங்கள் கைகளுக்கு நன்றி. அண்ணாச்சி கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த 101 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பேசிவைத்த வேன் காலையில் வரவில்லை. போன் போட்டதும் ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரத் தம்பிகள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. நினைவு இல்லத்து ஊழியர் 62 பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாமல் பத்துப் பத்துப் பேராக அனுப்பி, ஒவ்வொரு படத்தையும் பார்க்க நேரம் கொடுத்தார். 1954 முதல் 1963 வரை மகன் முதலமைச்சராக இருந்தபோதும் அம்மா இருந்தது இந்த வீட்டில்தான் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

ஏழாம் வகுப்புப் போகும் ஒரு சிறுமி, "காமராசர் ஐயா எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சாங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப அவங்க படிச்ச அளவு நான் படிச்சு முடிச்சிட்டேன்." எனக்குப் பேச்சு வரவில்லை.

தெருப் பெரியவர் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1941-ல் சிறையில் இருக்கும்போதே காமராசரை இந்த ஊர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்ததையும், விடுதலையாகி வந்ததும் அவர் பதவி விலகியதையும் சொல்லிவிட்டு, 1967-க்கு வந்தார். அது பெரியவர் முதல் ஓட்டுப் போட்ட தேர்தல். அந்தத் தேர்தலில் இதே விருதுநகரில் காமராசர் தோற்றதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பிறந்த வீட்டின் எதிரில் நின்று இதையும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

பந்தியில் பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அரசுப் பணம் மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் கொடுத்ததும் சேர்ந்தே அடுப்பெரிந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசி மக்களைச் சேர்த்தார். நீங்கள் சாப்பிடுவதும் அந்த மாதிரிச் சோறுதான் என்றேன். மறு சோறு கேட்டவர்கள் நிறையப் பேர்.

வாழையிலை தந்த சந்தை வியாபாரிக்கும், பாத்திரங்களை வாடகை வாங்காமல் கொடுத்த கடைக்காரருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

மீந்த 9 கிலோ அரிசியை முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டோம். அரிசி போட்டுத் தந்த ஒரு பித்தளை உழக்கும் இரண்டு தூக்குச்சட்டிகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. துலக்கி வைத்திருக்கிறேன். உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் தெரு டீச்சர்