பழைய படங்களை வெட்டாமல் ஒளிபரப்புங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டிகை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகள், விளம்பரங்களுக்கு இடம் தேடி அவற்றைக் கண்டபடி வெட்டிவிடுகின்றன. கதாநாயகனின் பெரிய காட்சிகள் எப்படியோ தப்பிவிடுகின்றன. துணைப் பாத்திரங்கள் பேசும் இடங்களும், கதையை மெல்ல நகர்த்தும் பகுதிகளும், சில வேளைகளில் பாடல்களுமே பலியாகின்றன. எல்லோரும் பலமுறை பார்த்த படம்தானே என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம். அவ்வாறு பலமுறை பார்த்தவர்களில் ஒருவன் என்ற முறையிலேயே இதனை எழுதுகிறேன். ஒரு படத்தை வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் எப்போதும் ஒரே காட்சிக்காக அதனிடம் வருவதில்லை. எந்த வயதில் எந்தக் காட்சி மனதைப் பிடிக்கும் என்பதை, பார்ப்பவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, வெட்டுபவர் எவ்வாறு அறிவார்?

1961 இல் வெளிவந்த பீம்சிங்கின் 'பாசமலர்' படத்தை இளமையில் பார்த்தபோது, சிவாஜி கணேசனும் சாவித்திரியும் காட்டிய அண்ணன் தங்கைப் பாசத்துக்காகவே அழுதேன். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் சம்பளப் போராட்டங்களை அருகிலிருந்து கண்ட நடுவயதில், அதே படத்துக்குள் இன்னொரு கதை இருப்பது புலப்பட்டது. தொழிலாளியாக இருந்து முதலாளியாக உயர்ந்த ராஜசேகரனும், தொழிலாளரின் கோரிக்கைகளை முன்வைக்கும் ஆனந்தனும் எதிரெதிரே நிற்கிறார்கள். நேற்றுவரை கூலிக்கு உழைத்தவன் முதலாளியானதும் ஏன் இப்படிப் பேசுகிறான் என்பது, பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் இடத்தில், பெயர் கூப்பிடக் காத்து நின்று வளர்ந்த சமூகத்துக்கு வெறும் சினிமாக் கேள்வி அன்று. இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில், பிரிந்துபோன உடன்பிறப்புகள் இருவரும் தத்தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிவதில்லை.

'பராசக்தி' (1952) இதைவிட ஆழமாக எங்களைத் தொடுவது. கலைஞர் கருணாநிதியின் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பதே பையன்களாக இருந்த காலத்தில் எங்களுக்குப் பெருமை. அதற்கு முன்னால் வரும் ரங்கூன் காட்சிகளை நாங்கள் பொருட்படுத்தியதே இல்லை. மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு நாட்டு அரசுகளும் 1964 ஒக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், உறவினரும் அயலவரும் தலைமன்னாருக்குக் கோச்சியேறி (ரயிலேறி), இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும் சிதறிப்போன பிறகு, அந்தப் படம் எனக்கு வேறொரு படமாகிவிட்டது. கடல் கடந்து பிழைத்த குடும்பம் போரினால் சிதறுகிறது; சொந்த மண் என்று நம்பி வந்து இறங்கிய குணசேகரன் கையிலிருந்ததைப் பறிகொடுத்துப் பைத்தியக்காரனாக நடித்துத் திரிகிறான்; அகதியாக நடந்து வந்த வழியில் காலை இழந்த ஞானசேகரன் பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். எஸ்.எஸ். ராஜேந்திரன் நடித்த அந்த ஞானசேகரனின் முகத்தில், அக்கரைக்குப் போய்க் கடிதமும் நின்றுபோன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். நேர நெருக்கடி என்றால் முதலில் கத்தரிக்கப்படுவது இவனைப் போன்ற துணைப் பாத்திரத்தின் காட்சிதான் என்பதை நினைக்கையில் மனம் பொறுக்கவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியை ஒருகாலத்தில் சிரிப்புக்காக மட்டுமே ரசித்தேன். நாடக மேடையை நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் தனிமை அந்தச் சிரிப்பின் அடியில் கிடப்பதைக் காண எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

முழுப்படமும் கைத்தொலைபேசியில் கிடைக்கிறதே என்று சிலர் கூறலாம். மலைகளுக்கிடையே அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்காத தோட்டங்கள் இன்னும் உள்ளன. டேட்டா வாங்கிப் படம் பார்ப்பது நாட்கூலிக் குடும்பங்களுக்கு இலேசான செலவும் அன்று. இவற்றுக்கு அப்பால், தாத்தா, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே அறையில் அமர்ந்து பார்க்கும்போது, ஒவ்வொருவரும் அதே படத்தில் தம் வயதுக்குரியதைக் கண்டு, இடையிடையே பேசிக்கொள்வதும் நிகழ்கிறது. சிறிய திரையைத் தனியே பார்த்துக்கொண்டிருப்பதில் அதற்கு வழியில்லை.

ஆகவே தொலைக்காட்சி நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான். விளம்பரங்களைப் போடுங்கள், அதைத் தவறென்று சொல்லவில்லை. மூன்று மணித்தியாலப் படம் ஓர் இரவுக்குள் அடங்காவிட்டால், இடைவேளையில் நிறுத்தி மீதியை மறுநாள் காட்டுங்கள். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் புறப்பட வேண்டியவர்களும் பார்க்கும்படி நள்ளிரவுக்கு முன்னரே முடியுங்கள். எந்தக் காட்சியையும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.