கோயில் யானைகளின் தீவன முறையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
கோயில் யானைகள் மீது அன்பு கொண்ட பக்தர்கள்

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
இந்து சமய அறநிலையத் துறை,
நுங்கம்பாக்கம், சென்னை - 600 034.

பொருள்: கோயில் யானைகளுக்கு நாள் முழுவதும் பிரித்துத் தீவனம் தருவது, பக்தர்கள் கையால் உணவு கொடுப்பதை நிறுத்துவது, யானைகளின் மன அழுத்தத்தைக் குறைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

இனி கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிவிட்டது. அதனால் இப்போது கோயில்களில் இருக்கும் யானைகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறோம். அவற்றின் மீதி வாழ்நாள் நம் பொறுப்பில் இருக்கிறது. அந்த நாட்களில் அவை என்ன தின்கின்றன, எத்தனை மணி நேரம் தின்கின்றன என்பதைத் தங்கள் துறை நேரடியாகக் கவனிக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

"எத்தனை மணி நேரம்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாட்டைப் போல அசைபோடும் வயிறு யானைக்குக் கிடையாது. தின்றது பெருங்குடலுக்குப் போய்த்தான் நொதிக்கிறது. உள்ளே போவதில் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை, மீதி சாணமாக வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் காட்டு யானை ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. புல்லைப் பிடுங்கி மண்ணை உதறும், கிளையை ஒடிக்கும், பட்டையை உரிக்கும், மூங்கிலை மிதித்துப் பிளக்கும். 1980களில் பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் பகுதிக் காடுகளில் ஆய்வு செய்த ராமன் சுகுமார், அங்குள்ள யானைகள் 112 வகைத் தாவரங்களைத் தின்பதாகப் பதிவு செய்தார். வயிற்றுக்கு மட்டுமல்ல, தும்பிக்கைக்கும் கால்களுக்கும் மூளைக்கும் அதுதான் அன்றாட வேலை.

கோயிலில் இந்த வேலை எதுவும் இல்லை. பல இடங்களில் தீவனம் எடைக்கணக்கில் வருகிறது, ஒன்றிரண்டு வேளையில் தீர்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 150 கிலோ, 200 கிலோ பசுந்தீவனம் என்று ஏட்டில் சரியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் தீவனம் தீர்ந்த பிறகு அந்த யானை என்ன செய்யும்? சங்கிலி அனுமதிக்கும் இரண்டடிக்குள் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டும், தலையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். "பாருடா, மேளத்துக்கு ஆடுது" என்று நாம் குழந்தைகளிடம் காட்டுகிறோம். காட்டில் சுற்றும் யானைகளிடம் இந்தப் பழக்கம் காணப்படுவதில்லை. அடைத்து வைத்த யானையிடம் வரும் மன அழுத்தத்தின் அடையாளம் அது.

அப்புறம் நாம் கொடுக்கும் வாழைப்பழம், வெல்லம், பொங்கல், பிரசாதச் சோறு. பக்தியோடுதான் கொடுக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் மாவும் சர்க்கரையும் நார் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் குடல் உப்பி யானைக்குக் கடும் வயிற்றுவலி வரும். நடையும் இல்லாத யானைக்கு அது கொழுப்பாகச் சேரும், அந்த எடையெல்லாம் பாதத்தில்தான் இறங்கும். பல்லுக்கும் கேடு. யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. முரட்டுத் தீவனத்தை அரைத்து அரைத்துத் தேய்ந்தால்தான் பழைய பல் விழுந்து புதியது சரியாக அமையும்.

ஆகவே தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பகலிலும் இரவிலும் பல தடவையாகப் பிரித்துத் தர உத்தரவிட வேண்டுகிறோம். யானை தூங்குவது சில மணி நேரம்தான், இரவிலும் அது தின்னும். கம்பு நேப்பியர் புல், சோளத்தட்டை, தென்னை மட்டை இவற்றோடு ஆல், அரசு, அத்தி, மூங்கில் கிளைகளையும் முழுசாகப் போட வேண்டும். உரிப்பதும் ஒடிப்பதும் யானையின் வேலையாகவே இருக்கட்டும். வலைப்பையில் புல்லைக் கட்டி உயரத்தில் தொங்கவிட்டால், எட்டிப் பிடித்துத் தின்ன நேரமும் ஆகும், உடம்புக்கும் நல்லது. செலவு பெரிதாக இருக்காது. கோயில் நிலத்தில் ஒரு பகுதியைத் தீவனப்புல்லுக்கு ஒதுக்கலாம். யானைக்கு ஏதாவது செய்ய ஆசைப்படும் பக்தர்கள் தீவன நன்கொடையாகச் செலுத்தலாம். சமைத்து உருட்டி ஊட்டும் கவளத்தின் அளவைக் கால்நடை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். கையால் எதையும் ஊட்டக் கூடாது என்ற அறிவிப்புப் பலகை யானை நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

காசு வாங்கி ஆசி வழங்க வைப்பதையும் இதோடு நிறுத்திவிட்டால் நல்லது. நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பது ஒரு துன்பம் என்றால், நோய்த் தொற்று இன்னொரு ஆபத்து. மனிதர்களின் காசநோய் யானைக்குத் தொற்றும், யானையிடமிருந்து மனிதர்களுக்கும் வரும். யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஆண்டுதோறும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். மன அழுத்தத்தை அளக்க ஊசிகூடத் தேவையில்லை, மன அழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கும் கார்டிசோலின் தடயத்தைச் சாணத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உதவியோடு இதைத் தொடங்கலாம்.

கல்தரையில், ஈரத்தில் நின்று நின்று நகம் வெடித்துப் பாதம் சீழ் பிடிப்பது வளர்ப்பு யானைகளிடம் அடிக்கடி வரும் கொடுமை. கொட்டகையில் மண்தரை வேண்டும். வெயில் ஏறித் தார்ச்சாலை சுடுவதற்கு முன்பே நடைப்பயிற்சி முடிந்துவிட வேண்டும்.

தனிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். காட்டில் பெண் யானை ஆயுள் முழுக்கத் தாய், சகோதரிகள், குட்டிகளோடு கூட்டமாக வாழும். இங்கே பல யானைகள் வேறொரு யானையைப் பார்க்காமலேயே ஆண்டுகளைக் கழிக்கின்றன. 2003இல் முதுமலையில் தொடங்கி, பிறகு தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்த கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம்கள் 48 நாட்களுக்காவது துணையையும் ஆற்றுக் குளியலையும் கொடுத்தன. ஆண்டின் மீதி 317 நாட்களுக்கும் அதில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும். பக்கத்துக் கோயில் யானைகளை வாரம் ஒருமுறையேனும் ஒன்றாகக் குளிக்கவும் மேயவும் விட முடியாதா? வயதானவை, ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பவை, பாகனிடம் முரண்டு பிடிப்பவை ஆகியவற்றை வேறு யானைகள் இருக்கும் வனத்துறை முகாமுக்கே அனுப்பிவிடலாம்.

2018இல் சமயபுரத்திலும் 2024இல் திருச்செந்தூரிலும் யானை தாக்கி உயிர்கள் போயின. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் யானை நிம்மதியாக இருந்தால்தான் பாகனும் பாதுகாப்பாக இருப்பார். இரவும் பகலும் ஒற்றை ஆளாக நிற்கும் பாகனுக்கு உதவியாளர், வார விடுப்பு, காப்பீடு கிடைக்கச் செய்ய வேண்டும்.

தமிழ்நாடு வளர்ப்பு யானைகள் (மேலாண்மை மற்றும் பராமரிப்பு) விதிகள் 2011இலேயே வந்துவிட்டன. தீவனம், கொட்டகை, மருத்துவம் எல்லாவற்றையும் பற்றி அவை பேசுகின்றன. எனவே ஒவ்வொரு கோயில் யானையின் தீவன அட்டவணை, எடை, சங்கிலியில் இருக்கும் நேரம், கடைசி மருத்துவப் பரிசோதனை நாள் ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி கோயிலில் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறோம். இந்த மனு மீது எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பங்கள்)

நகல்: தலைமை வன உயிரினக் காப்பாளர், சென்னை.