ஆய்வாளர் பணியிடங்கள்

ஆசிரியருக்கு,

விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் 1,063 பணியிடங்களுக்கு 553 பேரே இருப்பதாக, நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் தந்த அறிக்கை பற்றிய செய்தியைப் படித்தேன். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வழியாக ஆள் எடுப்பதில் தாமதம் என்றும் குழு சொல்கிறது. சரி, நாளைக்கே ஆள் எடுத்தாலும், விமானங்களைச் சோதிக்கும் அனுபவசாலி ஆய்வாளரை ஊர் மாற்றி அந்த இடத்தைக் காலியாகப் போட்டுவிட்டால் என்ன பயன்?

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன். ஒரு நள்ளிரவு எங்கள் ஹேங்கருக்கு (விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் கூடம்) வந்த இயக்குநரக ஆய்வாளர், என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, சக்கரம் மடங்கும் குழிக்குள் தலையை நுழைத்தார். நாங்கள் இருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில், ஹைட்ராலிக் குழாய் இணைப்பில் கசிந்திருந்த எண்ணெயை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் கண், ஒரே ரக விமானத்தைப் பல வருடம் தொட்டுப் பார்த்துப் பழகியவருக்கு வருவது. எனவே, மாற்று ஆள் வந்து சேர்ந்து, மூன்று மாதமாவது கூடவே இருந்து வேலை பழகிய பிறகுதான் ஓர் ஆய்வாளரை இடம் மாற்ற வேண்டும். புதிதாகச் சேர்பவர்களிடம் எந்த ஊர் அலுவலகம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடலாம்.

- ஓய்வுபெற்ற பொறியாளர், பல்லாவரம்