கூட்டத் தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2022ஆம் ஆண்டு நம் சிங்கப்பூரின் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 575, வாசிப்பில் 543 புள்ளிகள் எடுத்து உலகிலேயே முதலிடம் பெற்றனர். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சராசரிப் புள்ளியில் பின்தங்கிய பிள்ளை கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் தொடக்கநிலை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியராகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 'ரவியிடம் 60 ஸ்டிக்கர்கள் உள்ளன. அது மாலாவிடம் இருப்பதைவிட 24 அதிகம். மாலாவிடம் எத்தனை?' என்ற பிராப்ளம் சம்மை ஆங்கிலத்தில் கொடுத்தால், பலர் 84 என்று எழுதுகிறார்கள். கூட்டலில் பிழையே இல்லை. 'மோர்' (more, அதிகம்) என்று கண்டதும் கூட்டிவிடுகிறார்கள். யாரிடம் அதிகம் என்று பார்ப்பதில்லை. 'மோர்' வந்தால் கூட்டு, 'லெஸ்' (less, குறைவு) வந்தால் கழி என்று யாரோ குறுக்குவழி சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு.

கணக்கில் உள்ள அளவுகளைப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் மாடல் முறை 1980களில் நம் பள்ளிகளுக்கு வந்தது. அது இதற்குக் கைகொடுக்கும். யாருடைய பட்டை நீளம் என்று முதலில் வரையச் சொன்னால், அதே பிள்ளை 36 என்கிறது. ஆனால் விடையை எழுதிவிட்டு, மதிப்பெண்ணுக்காக மாடலைக் கடைசியில் வரையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் இன்னொரு அசெஸ்மென்ட் புத்தகம் (பயிற்சி நூல்) வாங்குகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் இருப்பதால் தங்களால் உதவ முடியாதென்று ஒதுங்குவோரும் உண்டு. தயவுசெய்து ஒதுங்காதீர்கள். யாரிடம் என்ன இருக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

வரைபடம், அட்டவணை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்காத வரைபடத்தில், பட்டையின் உயரத்தை மட்டும் பார்த்து 'இரண்டு மடங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். இதை மொழி ஆசிரியர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. கணித, அறிவியல் ஆசிரியர்களும் கேள்வியை நிதானமாக வாசிக்க வகுப்பிலேயே நேரம் ஒதுக்க வேண்டும். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் தேர்வுகள் இல்லை. அங்கேயே தொடங்கலாமே.

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் அட்டவணையோ வரைபடமோ, மழையளவு, மின்கட்டணம் என எதுவானாலும், தமிழ்க் கேள்விகளுடன் வெளியிட வேண்டுகிறேன். தாத்தா பாட்டியும் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவார்கள். கேள்விகளை எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
தொண்டூழிய ஆசிரியை, ஈசூன்