கோலா லங்காட் காட்டைக் காத்தவர்களுக்கு நன்றி

புசுட் பாரு, பூலாவ் கெம்பாஸ், புக்கிட் சீடிங் கம்பங்களில் (கிராமங்களில்) வாழும் தெமுவான் பழங்குடி மக்களுக்கும், அவர்களின் ஊர்த் தலைவர்களான தோக் பாத்தின்களுக்கும், அவர்களோடு நின்ற அனைவருக்கும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத்திலிருந்து வணக்கம்.

1927-இல் வடக்குக் கோலா லங்காட் காப்புக் காடு 7,000 ஹெக்டருக்கும் மேல் இருந்தது. வெட்டி வெட்டி ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதிலும் 931 ஹெக்டரை மேம்பாட்டுக்காக விடுவிக்கப் போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. மருந்துச் செடிக்கும் பிரம்புக்கும் தலைமுறை தலைமுறையாக நீங்கள் நுழைந்து வரும் காடு அது. சூரியக் கரடியும், லங்காட் சிவப்புச் சண்டைமீனும் வாழும் சதுப்புக்காடு.

அங்குள்ள கரிமண்ணில் (மட்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண்ணில்) நீர் வடிந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த மண் அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அணையாது. அந்தப் புகையில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் காத்தது உங்கள் காட்டை மட்டுமல்ல.

உங்களுக்குத் தோள் கொடுத்த குளோபல் என்விரான்மென்ட் சென்டர், சஹாபாட் ஆலாம் மலேசியா, மலேசிய இயற்கைக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளுக்கு நன்றி. காட்டை விடுவிக்கும் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்பியவர்களுக்கும் நன்றி. 45,000-க்கும் மேல் வந்து குவிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் காடுகளைக் காக்கும் தீர்மானத்தைச் சிலாங்கூர் சட்டமன்றம் ஒருமனதாக ஏற்றது.

பெரிய நன்றி அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான். சரி, வென்றாயிற்று என்று பலரும் வேறு வேலை பார்க்கப் போய்விடும் நேரம் அது. நீங்கள் போகவில்லை. 2021 மே மாதமே 536 ஹெக்டர் காப்புக் காடு என்ற தகுதியை இழந்துவிட்டது என்ற செய்தி ஆகஸ்ட் கடைசியில் வெளியே வந்ததும், ஊரடங்குக் காலம் என்றும் பாராமல் மறுபடி குரல் எழுப்பினீர்கள். செய்தியாளர்களும் விடவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி சிலாங்கூர் மந்திரி புசார் (மாநில முதல்வர்) அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

எரிந்துபோன பகுதிகளில் மரம் நட ஆள் தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள். பந்திங்கிலிருந்து நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
பந்திங் குடியிருப்பாளர் ஒருவர்